முற்றுப்பெறாத ஓர் ஆட்டப் பருவம்

போர்த்துகல் நாட்டுக் காற்பந்தின் இரண்டாம் பிரிவில் 2019-20ஆம் ஆண்டுப் பருவம் 34 சுற்றுகளாக வகுக்கப்பட்டிருந்தது. அவற்றுள் 24 சுற்றுகளே ஆடப்பெற்றன. எஞ்சிய 10 சுற்றுகளில் அடங்கிய 90 ஆட்டங்கள் ஆடப்பெறவே இல்லை. அந்த 90 ஆட்டங்களைப் பற்றியதே இக்கட்டுரை. ஆடாத ஆட்டத்திற்கும் வரலாறு உண்டோ என்று வினவுவார் உளர். உண்டு, ஆடிய ஆட்டங்களைவிட அதற்கே வரலாறு மிகுதி என்பது எம் கருத்து.

முதலில் அப்பிரிவின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். போர்த்துகலில் மேற்பிரிவில் 18 கழகங்களும் இரண்டாம் பிரிவில் 18 கழகங்களும் உள்ளன. ஒவ்வொரு கழகமும் மற்ற 17 கழகங்களோடும் தன் ஊரில் ஒரு முறையும் அவ்வூர்களில் ஒரு முறையும் ஆடும். வென்றார்க்கு 3 புள்ளி. சமமாக முடித்தார்க்கு 1 புள்ளி. பருவ முடிவில் இரண்டாம் பிரிவின் முதலிரு கழகங்கள் மேலேறும். கடைசி இரண்டும் மூன்றாம் பிரிவுக்கு இறங்கும். நாடு முழுமைக்கும் ஒரே தொகுதியாக இப்பிரிவு இயங்கத் தொடங்கியது 1990-91இல்தான். அது முதல் அதன் பெயர் எத்தனையோ முறை மாறிவிட்டது. விளம்பரம் தந்த நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய ஆண்டுகளும் உண்டு. பெயர் மாறினாலும் அதன் இயல்பு மாறவில்லை. மேற்பிரிவிலிருந்து விழுந்தவர்களும், அங்கே ஏற விழைபவர்களும், இரண்டுமின்றி அங்கேயே காலங்கழிப்பவர்களும் ஒருங்கே வாழும் இடம் அது. போதாக்குறைக்குப் பெரிய கழகங்கள் தம் இளம் ஆட்டக்காரர்களைப் பழக்குவதற்கென 2012 முதல் தம் இரண்டாம் அணிகளையும் அங்கே இறக்கியிருந்தன. போர்ட்டோவுக்கும் பென்பிகாவுக்கும் அங்கே அணிகள் இருந்தன. அவை எத்துணை வென்றாலும் மேலேற முடியாது. ஏறுவதற்கு உரிமையில்லாதவர்கள் ஏறத் துடிப்பவர்களின் வழியை மறித்து நிற்கும் விந்தையை வேறு துறைகளில் எளிதிற் காண முடியாது.

2020 மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள், கோவிட் 19 கொள்ளைநோயின் காரணமாக ஆட்டங்கள் யாவும் நிறுத்தப்பட்டன. அன்று பட்டியலின் தலைப்பில் நின்றது 50 புள்ளிகள் பெற்ற நசியொனால். மதெய்ரா தீவின் புன்ஷால் நகரத்துக் கழகம் அது. சிறுவனாக இருந்த கிறிஸ்தியானோ ரொனால்டோ லிஸ்பனுக்குச் செல்லுமுன் ஆடியது இக்கழகத்திலேதான். அடுத்து 48 புள்ளிகளுடன் தென்கோடி நகரமான ஃபாரோவின் ஃபரென்சே. 2001-02க்குப் பின் மேற்பிரிவையே காணாது, கடன் சுமையால் மிகக் கீழ்நிலைகள் வரை சரிந்து, படிப்படியாக மீண்ட கழகம் இது. மூன்றாவதாக 42 புள்ளிகளுடன் வடபுலத்து ஃபெயிரென்சே. பட்டியலின் அடியிலோ லிஸ்பனின் தென்கரையைச் சேர்ந்த கோவா ட பியெதாதே 17ஆவதாகவும், லிஸ்பன் நகரத்துக் காசா பியா 18ஆவதாகவும் நின்றன. இக்கடைசிப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஏப்ரல் 30ஆம் நாள் அரசு தன் முடிவை அறிவித்தது. மேற்பிரிவு ஆட்டங்களும் நாட்டுக் கோப்பையின் இறுதியாட்டமும் பார்வையாளரின்றி நடைபெறலாம். ஏனைய ஆட்டங்களுக்கு இசைவில்லை. மே 5ஆம் நாள், லீக் நிருவாகம் இரண்டாம் பிரிவை முடித்துவைத்தது. 24 சுற்றுகளின் பட்டியலே இறுதிப் பட்டியல் ஆயிற்று. நசியொனாலும் ஃபரென்சேயும் ஏறின. பியெதாதேயும் காசா பியாவும் இறங்குவன என்று எழுதப்பட்டன.

ஆசிரியர்களாகிய வாசகர்களுக்கு இதனை ஓர் உவமையால் விளக்கலாம். தேர்வுக் கூடத்தில் 34 வினாக்களுள் 24க்கு விடையெழுதிய நிலையில் மணியடித்து, விடைத்தாள்களைப் பறித்துக்கொண்டு, எழுதிய அளவுக்கே மதிப்பெண் இட்டுத் தேறினார், தவறினார் என்று முடிவு கட்டினால் நாம் ஒப்புவோமா? அதுவும் அடுத்த அறையில் அதே வினாத்தாளை எழுதுகின்ற மாணாக்கர்க்கு மட்டும் எஞ்சிய நேரத்தைத் தந்துவிட்டு?

அடுத்த அறை என்றது மேற்பிரிவை. அங்கேயும் நோய் வந்தபோது சரியாக 24 சுற்றுகளே முடிந்திருந்தன, 10 எஞ்சியிருந்தன. சூன் 3 முதல் அவை ஆடப்பெற்றன. ஆகவே, ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஒரே எண்ணிக்கையில் நின்ற இரண்டு பட்டியல்களுள் ஒன்று மேலும் 10 சுற்று நடந்தது, மற்றொன்று உறைந்துபோயிற்று. பத்துச் சுற்றுகளால் என்ன நிகழக்கூடும் என்பதை அளந்தறிய இதனினும் நல்ல அளவுகோல் வரலாற்றாசிரியனுக்குக் கிட்டாது. போர்ட்டிமொனென்சே என்ற கழகத்தைப் பாருங்கள். அது முதல் 24 ஆட்டங்களில் ஈட்டியவை 16 புள்ளிகள். கடைசி 10 ஆட்டங்களில் ஈட்டியவை 17. முன்னே ஏழு திங்களில் தேடியதைவிடப் பின்னே இரண்டு திங்களுக்குள் மிகுதியாகத் தேடிற்று! 33 புள்ளிகளுடன் 17ஆம் இடத்தில் முடிந்து, ஒரே புள்ளியில் பிழைக்கத் தவறியது. ஃபெயிரென்சேக்கு வேண்டியிருந்தது ஃபரென்சேயினும் 6 புள்ளி மிகுதி; பெறுவதற்கு இருந்தவை 30 புள்ளிகள். பெற்றிருக்கும் என்று நாம் கூறவில்லை. பெற இயலாது என்று கூற எவர்க்கும் இயலாது என்பதே நாம் கூறுவது.

நிருவாகத்தின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. பருவத்தையே இல்லை என்று அழித்துவிட்டால், பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்த ஃபரென்சேயின் உழைப்பு மண்ணாகும். நெதர்லாந்து நாட்டினர் அதனைத்தான் செய்தனர். அங்கே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை என்று முடிவாயிற்று. இரண்டாம் பிரிவில் முதலிடத்தில் நின்ற கம்பூர் கழகம் மேலேறாமல் நின்றுவிட்டது. பிரான்சு நாட்டினரோ போர்த்துகலின் இரண்டாம் பிரிவைப் போலவே நின்ற பட்டியலைக் கொண்டே ஏற்றியும் இறக்கியும் முடித்தனர். எவ்வழியில் சென்றாலும் ஒருவர் வயிற்றில் அடிக்காமல் முடியாத நிலை அது. ஆயினும் மேற்பிரிவுக்கு வழிகாண முடிந்தவர்களுக்கு இரண்டாம் பிரிவுக்கு வழிகாண முடியவில்லை என்பதில் பணத்தின் நிறை தெரிகிறது. தொலைக்காட்சி வருவாய் பாய்வது மேற்பிரிவில். பார்வையாளரின்றி ஆடினாலும் அவர்கட்கு ஊதியம் உண்டு. சிற்றூர்க் கழகம் வாயிலில் விற்கும் நுழைவுச் சீட்டை நம்பி வாழ்வது.

இனிக் கடைசி இடத்தில் நின்ற காசா பியாவிடம் செல்வோம். எமக்கு இக்கதையில் பற்று உண்டானதே அதனால்தான்.

காசா என்றால் வீடு; பியா என்றால் அறப்பற்றுடையது. அறவில்லம் என்று நாம் தமிழாக்கலாம். 1755 நவம்பர் முதல் நாள் லிஸ்பன் மாநகரை நில நடுக்கமும் கடற்பெருக்கும் தீயும் ஒருங்கே அழித்தன. அவ்வழிவு நிகழ்ந்து ஒரு தலைமுறை ஆகியும் தெருவில் திரியும் ஏதிலிச் சிறுவர் தொகை குறையவில்லை. அரசி முதலாம் மரியாவின் காலத்தில் நகரக் காவற்றலைவராக இருந்த பினா மனீக் என்பார் 1780 சூலைத் திங்கள் 3ஆம் நாள் இவ்வில்லத்தைச் சாவ் ஜோர்ஜே கோட்டையில் நிறுவினார். காவல்துறைத் தலைவர் ஒருவர் அனாதை இல்லம் தொடங்கியதில் அருளும் உண்டு, தெருவை அடக்கும் நோக்கமும் உண்டு. உணவு, உறையுள் என்பவற்றோடு கைத்தொழிலும் கல்வியும் அங்கே தரப்பட்டன. நெப்போலியனின் படை 1807இல் லிஸ்பனுள் புகுந்தபோது இல்லத்தார் கோட்டையை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் 1833இல் பெலேம் பகுதியிலுள்ள ஜெரோனிமோஸ் மடத்தின் பெருங்கட்டடம் இல்லத்துக்கு உரியதாயிற்று.

பெலேம் என்றதும் தமிழர்க்கு ஒரு நினைவு வருதல் வேண்டும். 1554இல் லிஸ்பனில் அச்சாகிய கார்த்தில்யா என்னும் சமயச் சிறுநூல், தமிழ் ஒலிகளை உரோமன் எழுத்தில் தாங்கி, போர்த்துகீசிய மொழியும் உடன் வர வெளிவந்தது. அதன் படி பெலேம் அருங்காட்சியகத்தில் இருப்பதைத் தமிழுலகுக்கு எடுத்துரைத்தவர் தனிநாயக அடிகளார். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர். அவ்வருங்காட்சியகம் அமைந்திருந்ததும் இதே ஜெரோனிமோஸ் மடத்தின் ஒரு பகுதியிலேதான். ஏதிலிச் சிறுவர் பந்தாடிய மடமும், நம் மொழியின் முதல் அச்சு நூல் உறங்கிய மடமும் ஒன்றே. இது தற்செயலே, ஆயினும் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை.

போர்த்துகலுக்குக் காற்பந்து 1880களின் இறுதியில், இங்கிலாந்தில் பயின்று திரும்பிய செல்வர் வீட்டுப் பிள்ளைகளோடு வந்தது. அக்காலத்தில் லிஸ்பனை அடுத்த கார்க்கவெலோசில் ஆங்கிலத் தந்தி நிறுவனத்தின் ஊழியர் பலர் வாழ்ந்தனர். 1870இல் இங்கிலாந்திலிருந்து வந்த கடலடித் தந்திக் கம்பி அங்கே கரையேறி, ஜிப்ரால்ட்டர், மால்டா வழியாக இந்தியா நோக்கிச் சென்றது. அதன் தொடர்ச்சியே சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நீண்ட கம்பி. கார்க்கவெலோசு ஊழியர்களின் குழு அந்நாளில் வலிமை மிக்கது. அதனை 1898இல் காசா பியா மாணவர்கள் வென்றனர். செல்வர் பிள்ளைகளின் ஆட்டம் அனாதைப் பிள்ளைகளின் கைக்கு, அல்ல, காலுக்கு வந்த வரலாறு இது. 1904இல் பெலேமில் பென்பிகா கழகத்தின் வித்து ஊன்றப்பட்டபோது அங்கே கூடியிருந்தவர்களுள் காசா பியாவின் பழைய மாணவர் பலர். இன்று உலகறிந்த அக்கழகத்தின் வேர் இவ்வில்லத்தில் இருக்கிறது என்பது மிகையன்று.

அப்பழைய மாணவர்களுள் ஒருவர் காண்டிடோ டி ஒலிவெய்ரா. 1896இல் பிறந்து இவ்வில்லத்தில் வளர்ந்தவர். பென்பிகாவில் ஆடியவர். 1920 சூலை 3ஆம் நாள், இல்லம் தோன்றிய அதே நாளில், பழைய மாணவர்க்கென்றே காசா பியா ஆட்டக் கழகத்தைத் தோழர்களோடு தோற்றுவித்தார். முதற்பருவத்திலேயே அக்கழகம் லிஸ்பன் வட்டாரத்தில் முதலிடம் பெற்றது. 1921 டிசம்பரில் போர்த்துகல் தன் முதல் நாட்டு ஆட்டத்தை மாட்ரிட்டில் இசுபானியரோடு ஆடி 3-1 எனத் தோற்றது. அவ்வணியின் தலைவர் இவரே. பிற்காலத்தில் பயிற்றுநரானார், அஞ்சல் துறையில் பணிபுரிந்தார். இரண்டாம் உலகப் போரில், செருமானியர் போர்த்துகலுள் புகுந்தால் எதிர்ப்பதற்கென ஆங்கிலேயர் அமைத்த மறைவான வலையில் இவர் பங்கு கொண்டார் என்பதனால், சலசாரின் காவலர் 1942இல் இவரைப் பிடித்துக் கேப் வெர்டே தீவிலுள்ள தர்ரஃபால் சிறைமுகாமுக்கு அனுப்பினர். அரசியற் கைதிகள் நோயால் மடிந்த முகாம் அது. உயிருடன் திரும்பிய இவர் 1945இல் நண்பர் இருவரோடு ஆ போலா என்னும் விளையாட்டு இதழைத் தொடங்கினார். 1958 உலகக் கோப்பை ஆட்டங்களைப் பற்றி எழுதச் சென்றவிடத்தில், ஸ்டாக்ஹோமில் காலமானார். முகாமைப் பற்றி அவர் எழுதிய நூல், சர்வாதிகாரம் வீழ்ந்த 1974இல்தான் வெளிவர முடிந்தது. இன்று நாட்டு வாகையரும் கோப்பை வென்றவரும் ஆண்டுதோறும் மோதும் ஆட்டம் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இல்லத்தின் வரலாறு முழுதும் ஒளி என்று எண்ணிவிட வேண்டா. அங்கிருந்த சிறுவர்க்குப் பல்லாண்டுகளாக இழைக்கப்பட்ட பாலியல் கொடுமைகள் 2002இல் வெளிப்பட்டு நாட்டையே உலுக்கின. 2010இல் குற்றவாளிகள் தண்டனை பெற்றனர்.

கழகத்துக்கு வருவோம். 1938-39இல் போர்த்துகலின் மேற்பிரிவு முதற்பிரிவு என்னும் பெயருடன் எட்டுக் கழகங்களோடு நடந்தபோது அவற்றுள் ஒன்றாகக் காசா பியா ஆடியது, எட்டாவதாக முடிந்தது. அதன்பின் அதனை மேற்பிரிவில் எவரும் காணவில்லை. பென்பிகா வளர்ந்து கடலாயிற்று. அதற்கு வித்துத் தந்த இல்லத்தின் கழகம் கீழ்ப்பிரிவுகளில் ஓடையாகத் தேய்ந்தது. 2018-19இல் மூன்றாம் பிரிவின் வாகை சூடி இரண்டாம் பிரிவுக்கு ஏறிற்று. அப்பருவத்தின் முற்பகுதியில் அதன் பயிற்றுநராக இருந்தவர், பின்னர்ப் பெரும் புகழ் பெற்ற ரூபன் அமோரிம்.

அதே 2018-19இல் அதே மூன்றாம் பிரிவில் நிகழ்ந்த மற்றொரு வேடிக்கையும் இங்கே குறிக்கத் தக்கது. ஜில் விசென்டே என்ற கழகம் 2006இல் ஓர் ஆட்டக்காரரின் பதிவு பற்றிய வழக்கால் மேற்பிரிவிலிருந்து இறக்கப்பட்டது. நெடிய வழக்குக்குப் பின் 2019-20இல் அதனை மேற்பிரிவில் சேர்ப்பது என்று முடிவாயிற்று. ஆகவே முந்திய பருவத்தில் மூன்றாம் பிரிவில் அக்கழகம் ஆடிய ஆட்டங்கள் எவர்க்கும் கணக்கில் சேரவில்லை. ஆடியும் புள்ளியில்லை! அதற்கு இடம் தருவதற்காக 2019இல் மேலிருந்து இரண்டுக்கு மாறாக மூன்று கழகங்கள் இறக்கப்பட்டன. அவற்றுள் இரண்டுதான் நாம் முன்னே கண்ட நசியொனாலும் ஃபெயிரென்சேயும். மேசையில் எழுதும் தீர்ப்பு திடலில் விழும் கோலை வெல்வது போர்த்துகலுக்குப் புதிதன்று.

2020 சூலையில் அது மீண்டும் நிகழ்ந்தது. தொழில்முறைப் பிரிவுகளில் ஆடுவதற்குக் கழகங்கள் ஆண்டுதோறும் உரிமம் பெறுதல் வேண்டும்; வரவு செலவு ஒழுங்காக இருப்பதையும், ஆட்டக்காரர்க்கு ஊதியம் தந்ததையும், வரிக்கடன் இல்லாமையையும் காட்டுதல் வேண்டும். மேற்பிரிவில் கடைசியாக முடிந்த ஆவெஸ் கழகமும், ஒரே புள்ளியில் தப்பிப் பிழைத்த செதூபல் நகர விட்டோரியாவும் இத்தேர்வில் தவறின. ஆவெஸ் இரண்டாண்டுக்கு முன்னரே, 2018இல், நாட்டுக் கோப்பையை வென்ற கழகம். விட்டோரியாவோ 1910இல் தோன்றி மும்முறை அக்கோப்பையை வென்ற பழம்பெருங் கழகம். இரண்டும் ஒரே தாவலில் மூன்றாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டன. 17ஆவதாக முடிந்த போர்ட்டிமொனென்சே மேற்பிரிவிலேயே நின்றது. கீழே இரண்டு இடங்கள் ஒழிந்தமையால் பியெதாதேயும் காசா பியாவும் இரண்டாம் பிரிவிலேயே இருக்கட்டும் என்றாயிற்று. மே மாதம் ஒரு மேசை இறக்கியது. சூலையில் வேறொரு மேசை ஏற்றியது. இடையில் ஒரு பந்தும் உதைக்கப்படவில்லை.

அடுத்து நிகழ்ந்தவற்றைத் தொடர்ந்து பார்த்தால், உறைந்த பட்டியலின் தீர்ப்பு எத்துணை வலியது என்பது புலனாகும். ஏற்றப்பட்ட நசியொனாலும் ஃபரென்சேயும் 2020-21இல் மேற்பிரிவின் கடைசி இரு இடங்களில் முடிந்து, ஒரே ஆண்டில் திரும்பி வந்தன. மூன்றாம் பிரிவையும் இவ்வாறே இடையில் நிறுத்தி, விசேலா, அரோகா என்னும் இரு கழகங்களை இரண்டாம் பிரிவுக்கு ஏற்றியிருந்தனர். அவை இரண்டுமே அடுத்த ஆண்டில் மேற்பிரிவுக்கும் ஏறிவிட்டன. இரண்டாமிடம் பெற்ற விசேலா நேரே ஏறியது. மூன்றாமிடம் பெற்ற அரோகா, மேற்பிரிவின் 16ஆம் கழகமான ரியோ ஆவேயை இரண்டு ஆட்டங்களில் வென்று ஏறியது. மூன்றாமிடத்தார்க்கு இவ்வாறு ஒரு வாய்ப்பு அளிக்கும் முறை அந்த 2020-21 பருவத்தில்தான் வந்தது. ஓராண்டு முன்னே மூன்றாமிடத்தில் நின்ற ஃபெயிரென்சேக்கு அவ்வாய்ப்பும் இல்லை. பியெதாதேயின் கதை இன்னும் இரங்கத்தக்கது. பிறர் உரிமம் இழந்ததால் 2020இல் பிழைத்த அக்கழகம், 2021இல் தானே உரிமம் பெறத் தவறித் தொழில்முறைப் பிரிவை விட்டு நீங்கியது.

காசா பியா என்ன ஆயிற்று? கடைசி இடத்தில் நின்று, சட்டத்தின் சந்தில் நுழைந்து பிழைத்த அக்கழகத்துக்கு 2020இல் அமெரிக்க முதலீடு வந்து சேர்ந்தது. பணம் ஒரு காரணம் என்பதை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் பணம் பெற்ற கழகங்கள் யாவும் உயர்ந்துவிடவில்லை. பயிற்றுநர் பிலிப்பெ மார்ட்டின்சின் கீழ் 2021-22இல் அது இரண்டாம் பிரிவில் ரியோ ஆவேக்கு அடுத்த இடம் பெற்று மேலேறியது. இம்முறை 34 சுற்றுகளும் முழுமையாக ஆடப்பெற்றன. 1939இல் விட்டு நீங்கிய மேற்பிரிவுக்கு 83 ஆண்டுகள் கழித்து அது திரும்பியது. முதல் ஆண்டிலேயே விழுந்துவிடும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தனர்.

ஏறியபின் ஒரு சிறு சங்கடம் எழுந்தது. கழகத்தின் சொந்தத் திடல் மேற்பிரிவு ஆட்டங்களுக்குப் போதிய வசதி உடையதன்று; ஆகவே தன் ஊர் ஆட்டங்களையும் பிறர் திடல்களில் ஆடவேண்டியதாயிற்று. அத்திடலுக்குப் பினா மனீக் என்று பெயர். 2019-20ஆம் பருவத்தின் இரண்டாம் பிரிவுப் பட்டியலை அச்சிடும் ஏடுகளோ, இன்றும் 18 கழகங்களுக்கும் நேரே ஆடியவை 24 என்றே பொறிக்கின்றன. கடைசி வரியில் காசா பியா நிற்கிறது.